நாய்க்குட்டியின் அரிப்பு: மருந்துக்கு முன் காரணத்தைத் தேடுவோம்

தமிழில் 'சொறிநாய்' என்பது ஒரு வசைச்சொல். அச்சொல்லைக் கேட்டவுடன் உரோமம் உதிர்ந்து, தோல் தடித்து, எவரும் அருகில் செல்லத் தயங்கும் ஒரு பிராணியே நம் மனத்தில் தோன்றுகிறது. ஆனால் கால்நடை மருத்துவம் 'சொறி' என்று ஒரே நோயைக் குறிப்பிடுவதில்லை. தெள்ளுப்பூச்சி, சிற்றுண்ணி, பூஞ்சை, நுண்கிருமி, உணவு ஒவ்வாமை எனத் தம்முள் தொடர்பற்ற பல காரணங்கள் ஒரே தோற்றத்தைத் தரக்கூடும். அவற்றுள் ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குப் பயன்படாது. சில வேளைகளில் அதனை மோசமாக்கிவிடவும் கூடும்.

பெயர் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒன்றாகவே இருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்குகிறோம். அது பலிக்காதபோது வேறொன்றைத் தடவுகிறோம். மாதங்கள் கடந்தபின், "இது தீராத நோய், குழந்தைகளுக்கும் தொற்றிவிடும்" என்ற அச்சம் வீட்டில் எழுகிறது. ஆசையோடு வாங்கி வந்த குட்டி முதலில் கூடத்திலிருந்து கொல்லைக்கும், பின்னர் கொல்லையிலிருந்து தெருவுக்கும் செல்கிறது. இவ்வாறு வெளியேற்றப்படும் குட்டிகளுள் பல, காரணம் அறிந்து மருந்து தரப்பட்டிருந்தால் சில வாரங்களில் குணமடைந்திருக்கக் கூடியவை என்பதே வருத்தத்திற்குரியது.

வங்கிக் கணக்கில் இருப்புக் குறைந்துள்ளது என்று ஒரு வாடிக்கையாளர் முறையிட்டால், நாம் உடனே ஒரு தொகையை வரவு வைத்துவிடுவதில்லை. எந்தத் தேதியில், எந்தப் பற்றினால் குறைந்தது என்பதையே முதலில் பார்க்கிறோம். நாய்க்குட்டியின் அரிப்பிலும் அதே ஒழுங்கு தேவைப்படுகிறது. இரண்டு மாதக் குட்டி முதல் இரண்டு வயது வரையிலான இளம் நாய்களுக்கு அரிப்பு ஏற்படும் பொதுவான காரணங்களையும், அவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிரித்தறியும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

அரிப்பு ஓர் அறிகுறியே

நாய் எப்போதாவது காதைச் சொறிந்துகொள்வது இயல்பானது. உறக்கத்திலிருந்து எழுந்து சொறிவது, உண்பதையும் விளையாடுவதையும் நிறுத்திவிட்டுச் சொறிவது, பாதங்களை இடைவிடாது நக்குவது, சுவரிலும் நாற்காலிக் காலிலும் உடலைத் தேய்ப்பது ஆகியவை கவனிக்கத்தக்கவை. நக்குவதும் கடிப்பதும் தேய்ப்பதும் அரிப்பின் வடிவங்களே என்பதைப் பலர் அறிவதில்லை. பாதத்தை நக்கும் குட்டியைப் பார்த்துச் சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்வோரும் உண்டு.

சொறியும்போது தோலில் நுண்ணிய காயங்கள் உண்டாகின்றன. அக்காயங்களில் நுண்கிருமிகள் பெருகுகின்றன. அவை மேலும் அரிப்பைத் தருகின்றன. இச்சுழற்சியின் காரணமாக, மருத்துவரிடம் கொண்டுசெல்லும் வேளையில் முதற்காரணத்தின் மேல் இரண்டாவது நோயும் படிந்திருக்கும். மேலே தெரியும் புண்ணுக்கு மட்டும் மருந்து போட்டால், அடியிலுள்ள காரணம் அப்படியே நின்று, சில வாரங்களில் மீண்டும் தலைகாட்டும். "மருந்து கொடுத்தால் சரியாகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது" என்ற முறையீட்டின் பொருள் பெரும்பாலும் இதுவே.

இளம் நாய்கள் இத்தொல்லைக்கு எளிதில் ஆளாவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அவற்றின் நோயெதிர்ப்பாற்றல் முதிர்ச்சி பெற்றிருப்பதில்லை. பல குட்டிகள் நெருக்கமாக வளர்க்கப்படும் இடங்களிலிருந்து அவை வருகின்றன. தாயின் உடலிலிருந்தே சில ஒட்டுண்ணிகள் அவற்றிற்கு வந்து சேர்கின்றன. பிறவி இயல்பாக வரும் ஒவ்வாமைகளும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள்தான் பொதுவாக வெளிப்படத் தொடங்குகின்றன.

தெள்ளுப்பூச்சி

நம் நாட்டின் வெப்பமான காலநிலையில் முதலில் ஐயுற வேண்டியது தெள்ளுப்பூச்சியையே. பழுப்பு நிறமுடைய, பக்கவாட்டில் தட்டையான, தாவிக் குதிக்கும் சிறு பூச்சி இது. இதன் கடியால் வரும் அரிப்பு பெரும்பாலும் முதுகின் பின்பகுதி, வாலின் அடி, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் காணப்படும். சில நாய்களுக்குத் தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீரே ஒவ்வாமையை உண்டாக்கும். அவற்றிற்கு ஒருசில கடிகளே பல நாள் அரிப்பைத் தரப் போதுமானவை.

பூச்சி கண்ணில் படாவிட்டாலும் அதன் எச்சத்தைக் கண்டுபிடிக்கலாம். ஈரமான வெள்ளைத் தாளின் மேல் குட்டியை நிற்கவைத்து, நெருக்கமான பற்களுள்ள சீப்பினால் வாருங்கள். கீழே விழும் கருந்துகள்கள் நீர் பட்டுச் செம்பழுப்பாகப் பரவினால், அது பூச்சி உறிஞ்சிய இரத்தத்தின் எச்சமாகும். சாதாரண மண்துகள் அவ்வாறு பரவாது. செலவே இல்லாத இச்சோதனையை எவரும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

நாயின் உடலில் நாம் காணும் வளர்ந்த பூச்சிகள் மொத்தத்தில் சிறு பகுதியே. பெண் பூச்சி ஒரு நாளில் நாற்பது முட்டைகள் வரை இடக்கூடியது. அம்முட்டைகள் உருண்டு விழுந்து பாய், மெத்தை, தரை விரிசல் ஆகியவற்றில் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வளர்கின்றன. கூட்டுப்புழு பல மாதங்கள் வரை காத்திருந்து வெளிவரவல்லது. எனவே நாயை ஒருமுறை குளிப்பாட்டுவதால் தொல்லை தீராது. வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஒரே காலத்தில், அவற்றிற்கு ஏற்ற மருந்தைக் குறைந்தது மூன்று மாதங்கள் தொடர்ந்து தர வேண்டும். விரிப்புகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவதும், மூலைமுடுக்குகளைத் துப்புரவு செய்வதும் அதனுடன் சேர வேண்டும்.

மிகச் சிறிய குட்டிகளில் தெள்ளுப்பூச்சிகள் மிகுந்தால் இரத்தசோகை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். ஈறுகள் இளஞ்சிவப்பு மங்கி வெளுத்திருந்தால் காலந்தாழ்த்தாது மருத்துவரை அணுக வேண்டும்.

உண்ணியும் பேனும்

உண்ணியினால் வரும் அரிப்பு தெள்ளுப்பூச்சி அளவுக்குக் கடுமையானதன்று. ஆயினும் அது பரப்பும் நோய்கள் கடுமையானவை. நம் நாட்டு நாய்களில் மிகுதியாகக் காணப்படும் பழுப்பு நாய் உண்ணி, வீட்டிற்குள்ளேயே தன் வாழ்நாள் முழுவதையும் கழிக்கவல்லது. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். காது மடலின் உட்புறம், விரல்களின் இடைவெளி, கழுத்துப் பட்டையின் அடிப்பகுதி ஆகியவற்றை நாள்தோறும் தடவிப் பார்ப்பது நல்லது. உண்ணியை விரலால் நசுக்காமல், இடுக்கியினால் தோலுக்கு மிக அருகில் பற்றி நேராக இழுத்தெடுக்க வேண்டும். உண்ணி இருந்த குட்டிக்குக் காய்ச்சல், உணவில் வெறுப்பு, ஈறு வெளுத்தல், மூக்கிலிருந்து இரத்தம், கருத்த சிறுநீர் ஆகியவற்றுள் எதுவேனும் தோன்றினால், தோலை மறந்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு விரைய வேண்டும்.

நாய்ப்பேன் மனிதருக்குத் தொற்றாது. நாயின் பேன் நாயிலேயே வாழும். உரோமத்தோடு ஒட்டிய ஈறுகளைக் கொண்டு அதனை அடையாளம் காணலாம். பொதுவான ஒட்டுண்ணி மருந்துகளுக்கே அது அடங்கிவிடும்.

ஒரே பெயரில் இரு நோய்கள்

'சொறி' என்று பொதுமக்கள் அழைப்பது பெரும்பாலும் சிற்றுண்ணிகளால் வரும் இரண்டு வேறுபட்ட நோய்களை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே இக்கட்டுரையின் மிக முதன்மையான செய்தி எனலாம்.

முதலாவது சார்கோப்டிஸ் என்னும் சிற்றுண்ணியால் வருவது. இது தோலுக்குள் துளையிட்டு முட்டையிடுகிறது. இதன் அரிப்பு இரவும் பகலும் நாயை நிலைகொள்ள விடாது. காது மடலின் ஓரம், முன்னங்காலின் முழங்கை, பின்னங்காலின் கணு, மார்பின் அடிப்பகுதி ஆகியவற்றில் உரோமம் உதிர்ந்து பொருக்குத் தட்டும். காது மடலின் ஓரத்தை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்க்கும்போது, அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகவே சொறிவதுபோல் அசையுமானால் ஐயம் வலுப்படுகிறது. இந்நோய் நாய்க்கு நாய் எளிதில் தொற்றும். தூக்கி அணைக்கும் மனிதருக்கும் கை, வயிறு ஆகிய இடங்களில் சிவந்த அரிப்புப் புள்ளிகள் தோன்றலாம். எனினும் நாயின் சிற்றுண்ணி மனிதத் தோலில் நிலைத்துப் பெருகுவதில்லை. நாய்க்கு முறையாக மருத்துவம் செய்தவுடன் மனிதருக்கு வந்தது பெரும்பாலும் தானே தணிந்துவிடும். அரிப்பு நீடித்தால் தோல் மருத்துவரைக் காணலாம். அச்சத்தினால் நாயை வெளியேற்ற வேண்டிய தேவை இல்லை.

இரண்டாவது டெமோடெக்ஸ் என்னும் சிற்றுண்ணியால் வருவது. இது மயிர்க்கால்களுக்குள் வாழ்வது. நலமான நாய்களிலும் சிறு எண்ணிக்கையில் இருப்பதே. பிறந்த முதல் சில நாட்களில், பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வந்து சேர்கிறது. நோயெதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் குட்டிகளில் அது அளவுமீறிப் பெருகி, கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்னங்கால்களிலும் வட்டமான வழுக்கைத் திட்டுகளை உண்டாக்குகிறது. தொடக்கத்தில் இதில் அரிப்பே இராது. நுண்கிருமித் தொற்று சேர்ந்த பின்னரே அரிப்பு வருகிறது. இது மனிதருக்குத் தொற்றுவதில்லை. வளர்ந்த மற்ற நாய்களுக்கும் பரவுவதில்லை. ஓரிரு திட்டுகளோடு நிற்கும் நிலையில், பெரும்பாலான குட்டிகளில் சில வாரங்களுக்குள் தானாகவே மறைந்துவிடுகிறது. உடல் முழுவதும் பரவினால் மட்டுமே நீண்ட மருத்துவம் தேவைப்படும். அவ்வாறு பரவும் இயல்பு பரம்பரையாக வரக்கூடியதாதலால் அந்நாயை இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தலாகாது.

இங்கேதான் தவறான மருந்தின் தீங்கு வெளிப்படுகிறது. அரிப்பை உடனே அடக்கும் ஸ்டீராய்டு மருந்து நோயெதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது. டெமோடெக்ஸ் உள்ள குட்டிக்கு அதனைத் தந்தால், ஓரிரு திட்டுகளோடு நின்றிருக்க வேண்டியது உடல் முழுவதும் பரவக்கூடும். முதல் வாரத்தில் சிவப்புக் குறைந்து நலமடைந்ததுபோல் தோன்றும். பின்னர் நிலை முன்னைவிட மோசமாகும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய பரிசோதனை இல்லாமல் ஸ்டீராய்டு தொடங்கலாகாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

காதுக்குள் மட்டும் வாழும் சிற்றுண்ணி ஒன்றும் உண்டு. குட்டி தலையை அடிக்கடி உதறி, காதிலிருந்து காப்பித்தூள் போன்ற கரிய கசடு வெளிப்பட்டால் இதனை ஐயுறலாம்.

படர்தாமரை

பூஞ்சையினால் வரும் படர்தாமரை, வட்டமாக உரோமம் உதிர்ந்து ஓரங்களில் செதிள் படிந்த தோற்றத்தைத் தரும். இதில் அரிப்பு மிகுதியாக இருக்கலாம், அறவே இல்லாமலும் இருக்கலாம். தோற்றத்தை மட்டும் கொண்டு டெமோடெக்ஸிலிருந்து இதனைப் பிரித்தறிவது கடினம். ஆனால் பிரித்தறிவது மிகவும் இன்றியமையாதது. ஏனெனில் டெமோடெக்ஸ் மனிதருக்குத் தொற்றாது, படர்தாமரை தொற்றும். குழந்தைகளும் முதியோரும் நோயெதிர்ப்புக் குறைந்தோரும் எளிதில் ஆளாவர். உரோமத்தை எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர இரண்டு அல்லது மூன்று வாரங்கள் ஆகலாம். அதுவரை குட்டியைத் தூக்கியபின் சோப்பினால் கை கழுவுவதும், அதன் விரிப்பைத் தனியே துவைப்பதும், படுக்கையில் சேர்த்துக்கொள்ளாதிருப்பதும் போதிய பாதுகாப்பாகும்.

நுண்கிருமியும் ஈரப்பதமும்

குட்டிகளின் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சிறு சீழ்க்கொப்புளங்கள் தோன்றுவதுண்டு. தோலில் இயல்பாகவே வாழும் நுண்கிருமிகள் அளவுமீறிப் பெருகுவதே இதற்குக் காரணம். இலேசானவை மருத்துவர் தரும் கிருமிநாசினி ஷாம்பூவிலேயே சரியாகிவிடும். வட்டமாகத் தோல் உரிந்து பரவுமானால், அடியில் வேறொரு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற ஈரமிக்க நகரங்களில் மலாசீசியா என்னும் ஈஸ்ட் பூஞ்சையும் தொல்லை தரும். காதிலும் பாதவிரல்களின் இடையிலும் கழுத்து மடிப்பிலும் பிசுபிசுப்பும் புளித்த வாடையும் ஏற்படும். வெளிர் நிற நாய்களின் பாதங்கள் நக்கி நக்கிப் பழுப்பேறியிருக்கும். மழைக்காலத்தில் குட்டி நனைந்து வந்தால் விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துவது எளிய தடுப்பாகும். ஈர மண்ணில் உள்ள கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் பாதத்தோலைத் துளைத்தும் அரிப்பு உண்டாகலாம். இது மனிதக் கால்களையும் தாக்கக்கூடியதாதலால், குடற்புழு மருந்தை உரிய காலத்தில் தருவது நாய்க்கும் வீட்டாருக்கும் நலம் தருவதாகும்.

உணவும் சூழலும்

ஒட்டுண்ணியும் தொற்றும் இல்லையென உறுதியான பின்னரே ஒவ்வாமையை எண்ண வேண்டும். இவ்வரிசையை மாற்றுவதே வீண்செலவுக்கு வழி.

உணவு ஒவ்வாமை ஒரு வயதுக்கு முன்பே தொடங்கக்கூடியது. பருவகால வேறுபாடின்றி ஆண்டு முழுவதும் காது, பாதம், ஆசனவாய்ப் பகுதி ஆகியவற்றில் அரிப்பு இருக்கும். சில குட்டிகளில் அடிக்கடி மலங்கழிதலும் சேர்ந்திருக்கும். மாட்டிறைச்சி, பாற்பொருள், கோழி, கோதுமை ஆகியவை மிகுதியாகக் காரணமாகக் கூறப்படுபவை. நம் வீடுகளில் குட்டிக்குத் தரப்படும் பால், தயிர்ச்சோறு, கோழி, பிஸ்கட் ஆகியவை இப்பட்டியலில் அடங்குவதைக் கவனிக்கலாம். அதற்காக எல்லாக் குட்டிகளுக்கும் இவை ஆகா என்று பொருளன்று. ஒவ்வாமை உள்ள குட்டிக்கு மட்டுமே விலக்கு.

இதனைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை நம்பகமானதன்று. குட்டி இதுவரை உண்டிராத ஒரு புரதத்தையோ, மருத்துவர் பரிந்துரைக்கும் சிறப்பு உணவையோ மட்டும் ஏறத்தாழ எட்டு வாரங்கள் தந்து பார்த்து, அரிப்புக் குறைந்தால் பழைய உணவை மீண்டும் தந்து அரிப்புத் திரும்புகிறதா என்று உறுதிசெய்வதே முறை. அந்த எட்டு வாரங்களில் பாட்டி ஆசையோடு தரும் ஒரு பிஸ்கட்டும், இறைச்சிச் சுவை சேர்த்த மாத்திரையும் முழு முயற்சியையும் வீணாக்கிவிடும். ஆகவே வீட்டார் அனைவரும் உடன்பட்ட பின்னரே தொடங்க வேண்டும். வளரும் குட்டிக்குச் சத்துக்குறை நேராதவாறு உணவைத் திட்டமிடுவது மருத்துவரின் பொறுப்பு.

தூசிச் சிற்றுண்ணி, மகரந்தம், பூசணம் முதலியவற்றால் வரும் சூழல் ஒவ்வாமை பொதுவாக ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் தொடங்குகிறது. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக், ஜெர்மன் ஷெப்பர்டு முதலிய இனங்களில் இது மிகுதி. முகம், காது, அக்குள், பாதம் ஆகியவை பாதிக்கப்படும். இதனை அறவே நீக்க இயலாது. ஆனால் நன்றாகக் கட்டுப்படுத்தலாம். சில நவீன மாத்திரைகள் ஒரு வயது நிறைந்த நாய்களுக்கே உரியவை என்பதால், பக்கத்து வீட்டு நாய்க்குத் தந்த மாத்திரையைக் குட்டிக்குத் தரலாகாது.

குளியலும் தரைத் துப்புரவும்

மனிதத் தோலைவிட நாயின் தோல் அமிலத்தன்மை குறைந்தது, மெல்லியதும்கூட. மனிதருக்கான சோப்பும் ஷாம்பூவும் அதற்குப் பொருந்துவதில்லை. அடிக்கடி குளிப்பாட்டினால் தோலின் எண்ணெய்ப்பசை நீங்கி வறட்சியும் பொடுகும் தோன்றும். செறிவான பினாயில் தெளித்த தரையில் படுக்கும் குட்டிக்கு, உரோமம் குறைந்த வயிற்றுப் பகுதி சிவந்துபோகலாம். துப்புரவுத் திரவத்தை அளவாக நீர் கலந்து, பின்னர் வெறும் நீரால் ஒருமுறை துடைத்து, தரை உலர்ந்தபின் குட்டியை விடுவது நல்லது.

செய்யக் கூடாதவை

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சில செயல்கள் பெருந்தீங்கு விளைவிப்பவை.

மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஆயில் ஆகியவற்றைத் தடவுவது தோலை எரிப்பதோடு, நக்கும்போது நுரையீரலையும் உள்ளுறுப்புகளையும் பாதிக்கும். நாய் எதைத் தடவினாலும் நக்கிவிடும் என்பதை எப்போதும் நினைவில் கொள்ள வேண்டும்.

மாட்டு உண்ணிக்கு உரிய அமிட்ராஸ் திரவத்தை அளவறியாது குட்டிக்குப் பயன்படுத்தினால் மயக்கமும் இதயத் துடிப்புக் குறைவும் நேரலாம். கால்நடைகளுக்குரிய ஐவர்மெக்டின் ஊசியைத் தாமே போடுவதும் ஆபத்தானது. கோலி போன்ற சில இனங்களுக்கும் அவற்றின் கலப்பினங்களுக்கும் மிகுந்த அளவு ஐவர்மெக்டின் நரம்பு மண்டலத்தைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடும்.

மனிதருக்கு விற்கப்படும், ஸ்டீராய்டும் பூஞ்சைமருந்தும் நுண்கிருமிமருந்தும் சேர்ந்த கலவைக் களிம்புகளைத் தடவுவது உண்மையான காரணத்தை மறைத்துவிடும். துத்தநாகம் சேர்ந்த களிம்புகளும் லோஷன்களும் நக்கப்பட்டால் நஞ்சாகும்.

பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்குத் தரலாகாது. வீட்டில் பூனையும் இருந்தால் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வலிப்பு வந்த நாய் என்றால், இன்று பரவலாகத் தரப்படும் ஒட்டுண்ணி மாத்திரைகளுக்கு முன் அதனையும் தெரிவிக்க வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது

நாய்க்குட்டிக்காக ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அரிப்பு தொடங்கிய தேதி, உடலின் எந்த இடத்தில் தொடங்கியது, என்ன உணவு தரப்பட்டது, எந்த மருந்து எந்த நாளில் எவ்வளவு தரப்பட்டது, வீட்டில் வேறு எவருக்கேனும் அரிப்பு உண்டா என்ற ஐந்து விவரங்கள் போதும். வாரம் ஒருமுறை அதே இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். நினைவிலிருந்து சொல்வதைவிட எழுத்திலுள்ளது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். பத்து நிமிடச் சந்திப்பில் மூன்று மாத வரலாற்றை அவர் படித்தறிய இயலும். செல்வதற்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பே குளிப்பாட்டுவதைத் தவிர்த்தால், தோலில் உள்ளது உள்ளவாறு அவருக்குத் தெரியும்.

சீப்பினால் வாருதல், தோலைச் சுரண்டிப் பார்த்தல், ஒட்டும் நாடாவால் தோலில் ஒற்றி எடுத்துப் பார்த்தல், உரோமத்தைப் பிடுங்கி நுண்ணோக்கியில் காணல் ஆகியவை எளிய, விரைவான பரிசோதனைகள். இவற்றைச் செய்யலாமா என்று மருத்துவரிடம் பணிவோடு கேட்பதில் தவறில்லை. ஒன்றை மட்டும் நினைவிற்கொள்க: சார்கோப்டிஸ் சிற்றுண்ணி சுரண்டலில் பல வேளைகளில் அகப்படுவதில்லை. ஆதலால் பரிசோதனையில் கிடைக்காவிட்டாலும், அறிகுறிகள் பொருந்தினால் மருத்துவர் அதற்கு மருந்து தந்து பார்ப்பதுண்டு. அதனைக் குறையாகக் கருதலாகாது. பரவிய டெமோடெக்ஸில், ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரு சுரண்டல்களிலும் சிற்றுண்ணி இல்லையெனத் தெரியும்வரை மருந்து தொடர வேண்டும். உரோமம் முளைத்துவிட்டது என்று பாதியில் நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு வழிவகுக்கும்.

தனியார் மருத்துவமனைச் செலவு இயலாதவர்கள் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளை நாடலாம். 1903இல் தொடங்கப்பெற்று, இன்று சென்னை வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி, மும்பை பரேல், பெங்களூரு ஹெப்பால், கொல்கத்தா பெல்காச்சியா ஆகிய இடங்களிலுள்ள கல்லூரிகள், பரேலி அருகே இசட்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றில் வளர்ப்புப் பிராணிகளுக்கு மருத்துவம் செய்யப்படுகிறது. பணிமாற்றத்தின் காரணமாக வெளிமாநிலங்களில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு இவ்விவரம் பயன்படும் என்று நம்புகிறோம்.

செலவும் முன்னெச்சரிக்கையும்

குட்டியை வாங்கும் விலையை மட்டுமே கணக்கிடுவது பலரின் இயல்பு. தடுப்பூசி, குடற்புழு மருந்து, மாதந்தோறும் தரும் ஒட்டுண்ணி மருந்து ஆகியவற்றை உணவுச் செலவோடு சேர்த்து முதலிலேயே மாதக் கணக்கில் எழுதிக்கொள்வது நலம். தொடர்ந்து தரும் ஒட்டுண்ணித் தடுப்பு, இக்கட்டுரையில் கண்ட தொல்லைகளுள் பாதிக்கு மேற்பட்ட காரணங்களைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடும். எதிர்பாராச் செலவுக்கெனச் சிறு தொகையை ஒரு தொடர் வைப்பில் தனியே சேர்த்து வருவதும் நல்ல பழக்கமே.

பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சில வளர்ப்பு நாய்களுக்குக் காப்பீடு அளிக்கின்றன. எடுக்குமுன் காத்திருப்புக் காலத்தையும் விலக்குகளையும் முழுவதும் படிக்க வேண்டும். பாலிசி எடுக்கும்போதே உள்ள நோய்க்குப் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை. ஆகவே அரிப்பு தொடங்கிய பின் காப்பீட்டை நாடுவதில் பயனில்லை.

வாங்கும் இடமும் முக்கியமானது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். தாய் நாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் நேரில் பாருங்கள். தாயின் உடலில் வழுக்கைத் திட்டுகளோ, குட்டிகள் ஓயாது சொறிவதோ தெரிந்தால், விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம். தெருவிலிருந்து எடுத்து வளர்ப்போர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. வீட்டிற்குக் கொண்டுவரும் நாளிலேயே மருத்துவரிடம் காட்டி, முடிவு தெரியும்வரை பிற பிராணிகளிடமிருந்து தனியே வைத்தால் போதும்.

முடிவாக

சுருங்கக் கூறின், முதலில் ஒட்டுண்ணி, அடுத்துத் தொற்று, அதன்பின் உணவு, இறுதியாகச் சூழல் என்ற வரிசையில் காரணத்தைத் தேட வேண்டும். எந்த மருந்தையும் காரணம் தெரியாமல் தொடங்கலாகாது; தொடங்கியதை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. தன் தொல்லை இன்னதென்று குட்டியால் சொல்ல இயலாது. சொறிந்து காட்டவே இயலும். அதனைப் பார்த்து முகம் சுளிக்காமல், எந்த இடத்தில், எப்போதிலிருந்து என்று கவனித்துக் குறித்து வைக்கும் வீட்டில், 'சொறிநாய்' என்று பெயர் பெறவிருந்த குட்டி சில மாதங்களில் பளபளக்கும் உரோமத்தோடு வாசலில் ஓடி விளையாடும்.